ராஜமாணிக்கத்துக்குக் கேட்ட குரல்

நீலாவதி: தலையாட்டுனியா இல்லியா? அத மட்டும் சொல்லு.

ராஜமாணிக்கம்: ஆட்டுனேன். அதுக்கு இப்ப என்னா?

நீலாவதி: என்னாவா! ஜெபக் கூட்டத்துல உபதேசியார் கேக்குறாரு, ஆண்டவரோட குரல யாராவது கேட்டீங்களான்னு. அத்தினி பேரும் கம்முனு குந்தியிருக்காங்க. என் புருசன் மட்டும் பூம்பூம் மாடாட்டம் ஆட்டுறாரு!

ராஜமாணிக்கம்: அது... கேட்டுச்சு. ஆட்டுனேன்.

நீலாவதி: எங்க கேட்டுச்சு? பீங்கான் கம்பெனியிலயா? அந்த அரவை மிஷினு போடுற கூச்சல்ல பூந்து வந்து ஒன்ன மட்டும் கூப்புட்டாராக்கும்!

ராஜமாணிக்கம்: முட்டி போட்டு, கண்ண மூடி, அமைதியா காத்திருந்தா கேக்கும்னு உபதேசியார்தான சொல்லித் தந்தாரு? தெனம் காலையில அப்படித்தான இருக்கேன்?

நீலாவதி: இருக்க, இருக்க. தண்ணிக் கொடம் தூக்கக் கூப்புடறப்பல்லாம் முட்டி போட்டுக்கிட்டுத்தான் இருக்க. சிலோன் ஸ்டேஷன் பாட்டையே டிரான்சிஸ்டர காதோட ஒட்ட வச்சித்தான் கேக்குற... சரி, என்னா சொன்னாரு?

ராஜமாணிக்கம்: வந்து... பொறுமையா இருன்னாரு.

நீலாவதி: தூ! அதச் சொல்ல பரலோகத்துலேருந்து எறங்கி வரணுமா? ரேஷன் கடைக்காரனே தெனம் சொல்றான்.

ராஜமாணிக்கம்: மெதுவா பேசு புள்ள, தெருவே பாக்குது...

நீலாவதி: பாக்கட்டும்! ஞாயித்துக்கெழம நீ சபை முன்னால நின்னு, ஆண்டவரு ஒன்கிட்ட பேசுனத சாட்சியா சொல்லணும், தெரியுமா?

ராஜமாணிக்கம்: நானா! யாரு சொன்னா?

நீலாவதி: உபதேசியார். நேத்து அதே கூட்டத்துல ஒன் மூஞ்சப் பாத்துத்தான் சொன்னாரு. அதுக்கும் ஆட்டுன.

ராஜமாணிக்கம்: அதுக்குமா ஆட்டுனேன்!

நீலாவதி: சாட்சி சொன்னா சும்மா வுடுவாங்களா? ஆளாளுக்குக் கேள்வி கேப்பாங்க. மொத வரிசையில ஒங்க கம்பெனி மேஸ்திரி தங்கதுரை குந்தியிருப்பாரு. அவரு கேக்குறதுக்கும் ஆட்டுவியா? விருத்தாசலமே சிரிக்கும்.

ராஜமாணிக்கம்: மேஸ்திரியா... நீலா, நான் வரல. காய்ச்சல்னு சொல்லிடு.

நீலாவதி: ஆண்டவரோட பேசுற ஆளுக்குக் காய்ச்சல் வேற வருமா?

ராஜமாணிக்கம்: கேலி பண்ணாத... வூட்டுக்குள்ள வா, சொல்றேன். எனக்கு ஒரு குரலும் கேக்கல. உபதேசியார் என்னப் பாத்து வாய அசச்சாரு, சரிங்கன்னு ஆட்டிட்டேன். ரெண்டு காதும் போச்சு புள்ள. மேஸ்திரிக்குத் தெரிஞ்சா மிஷின்கிட்ட நிக்க வுட மாட்டாரு, வூட்டுக்கு அனுப்பிடுவாரு.

நீலாவதி: அப்ப தெனம் முட்டி போட்டது நடிப்பா?

ராஜமாணிக்கம்: இல்ல, சத்தியமா இல்ல! வெளிய கேக்காட்டிப் போவுது, அவரு குரலாவது உள்ளுக்குள்ள கேக்காதான்னு ஏங்கிப்போயித்தான்... அதுவும் வரல. எனக்குக் கேக்குறது நீ ஏசுறது ஒண்ணுதான். ஒனக்கும் சொல்லாம மறச்சிட்டேன்.

நீலாவதி: மறச்சானாம்! கிட்ட வா, காதுல சொல்றேன். போன ஆடியில பின்னால லாரி வருதுன்னு தொண்ட கிழியக் கத்துறேன், நீ பாட்டுக்கு நடந்து போற. கையப் புடிச்சி இழுத்தேனே, அன்னிக்கே தெரிஞ்சிபோச்சு. ஞாயித்துக்கெழம சாட்சியும் வாணாம் ஒண்ணும் வாணாம், என் புருசன் பொய்யன்னு உபதேசியார் வூட்டு வாசல்ல நானே போயிக் கத்திட்டு வரேன். ராஜமாணிக்கத்துக்குக் காது போச்சுன்னு கம்பெனி பேசுறதுக்கு, அவன் பொண்டாட்டிக்கு வாய் நீளம்னு தெரு பேசிட்டுப் போவட்டும்னுதான்யா அன்னியிலேருந்து ஒனக்குக் கேக்குறாப்புல இப்புடிக் கத்திக்கிட்டுக் கெடக்குறேன்!