மூன்றுக்கு ஒன்று

காட்டுக்கு வருகிறவர்கள் தண்ணீர் பாட்டிலை மறப்பதில்லை, தொப்பியை மறப்பதில்லை, கைப்பேசிக்குச் சார்ஜ் போட மறப்பதே இல்லை. விசிலைத்தான் மறந்துவிட்டு வருகிறார்கள். அதனால் ஏழெட்டு விசில்களை நானே பையில் போட்டுக்கொண்டு போவேன். உள்ளே உருண்டை இல்லாத விசில்கள். உருண்டை இருந்தால் நனைந்ததும் ஒட்டிக்கொள்ளும், சத்தம் வராது. மாரிசெல்வியின் கழுத்தில் கிடந்ததும் நான் கொடுத்ததுதான். நனைந்த பிறகும் அது ஒலித்திருக்கும்.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். சொல்கிறேன் ஐயா. அவசரப்படுத்தாமல் கேட்பதற்கு நன்றி. இந்த இரண்டு மணி நேரத்தில் நீங்கள் என்னிடம் பேசிய அளவுக்கு இந்த வருடத்தில் வேறு யாரும் பேசவில்லை.

என் பெயர் சாம்சன், வயது ஐம்பத்து மூன்று. ராஜபாளையம் பக்கத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் மில்லில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தேன். மில்லை மூடிய பிறகு ஒரு தையல் கடை வைத்தேன். சட்டை, பாவாடைக்கு அல்ல. மலையேறுகிறவர்களின் கூடாரம், முதுகுப்பை, நடக்கும் ஷூ இவற்றைத் தைத்துக் கொடுக்கிற கடை. ஊரில் சிரித்தார்கள். கிழிந்த கூடாரம் ஊருக்குள் எத்தனை இருக்கும் என்று கேட்டார்கள். கேட்டது சரிதான், அவ்வளவாக இல்லை. ஆனால் கடை வைத்ததால் ஸ்ரீவில்லிபுத்தூர் இயற்கைச் சங்கத்துக்காரர்கள் பழக்கமானார்கள். வனத்துறை அனுமதி கிடைக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்களோடு காட்டுக்குப் போய்ச் சாம்பல் அணில்களின் கூடுகளை எண்ணுவோம். பெரிய அணில், பூனை அளவு இருக்கும். இரண்டு மரங்களின் கிளைகள் கைகோத்து நிற்கிற இடமாகப் பார்த்துத்தான் கூடு கட்டும். தனித்து நிற்கிற மரத்தில் கட்டாது.

எங்கள் முறை எளிமையானது. முன்னால் போகிற குருசாமி சார் வழிநெடுக மரக்கிளைகளில் மஞ்சள் துணிப் பட்டி கட்டிக்கொண்டே போவார். சங்கத்தின் தலைவர் அவர். பிளாஸ்டிக் ரிப்பன் காட்டுக்கு ஆகாது என்பதால் பேண்டேஜ் துணியை மஞ்சள் சாயத்தில் முக்கி, கிழித்து, பட்டிகளாகப் போட்டுக் கொடுப்பேன். திரும்பும்போது கடைசி ஆள் அவற்றை அவிழ்த்துக்கொண்டே வர வேண்டும். நாங்கள் வந்துபோன சுவடு காட்டில் இருக்கக் கூடாது. கடைசி ஆளுக்குப் பின்னால் எவரும் இருக்கக் கூடாது. ஆறு வருடமாகக் கடைசி ஆள் நான்தான்.

வழி தப்பினால் என்ன செய்வது என்று புதியவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதும் நான்தான். நடக்காதே. ஓடைக்குப் போய் வெட்டவெளியான பாறையில் உட்கார். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை மூன்று விசில் ஊது. பதிலுக்கு நீளமாக ஒரே ஒரு விசில் கேட்டால், ‘கேட்டுவிட்டது, வருகிறேன், அங்கேயே இரு’ என்று அர்த்தம். அதன் பிறகு நான் வந்து தோளைத் தொடும்வரை எழுந்திருக்கவே கூடாது. மழைக்காலத்தில் ஓடையில் உட்காரச் சொல்வது சரியா என்று குருசாமி சார் ஒரு தடவை கேட்டார்.

“நான் பின்னால இருக்கையில அந்தப் பயம் எதுக்கு சார்?” என்றேன். அவரும் விட்டுவிட்டார்.

என் மனைவி ஹெப்சிபா இறந்து நான்கு வருடமாகிறது. நான் காட்டிலிருந்து திரும்பும்போது மொபெட் சத்தம் தெருமுனையில் கேட்டதும் தோசைக்கல்லை அடுப்பில் வைப்பாள். வாசலுக்கு வர மாட்டாள், சிரிக்க மாட்டாள், “வாரதுக்கு இம்புட்டு நேரமா?” என்று உள்ளிருந்தே கேட்பாள். அவ்வளவுதான். மகள் எலினா ஆஸ்திரேலியாவில் இருக்கிறாள். ஞாயிறுதோறும் பேசுவாள். சாப்பிட்டீர்களா என்று கேட்பாள், சாப்பிட்டேன் என்பேன். ஹெப்சிபா போன பிறகும் தெருமுனை வந்ததும் என் கை தானாக வேகத்தைக் குறைக்கும். யாருக்கும் கேட்காத சத்தத்தோடு வீட்டுக்குப் போவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கு அதுவரை தெரியாது. நான் வராமல் போனால் அதைக் கவனிக்க ஓர் ஆள் இல்லை. அழுகையாக வரும். அழுதுவிட்டு மாவை எடுத்து நானே தோசை ஊற்றுவேன்.

ரிச்சர்ட் வழி தப்பியது தற்செயல். அதில் என் கை எதுவும் இல்லை, எழுதிக்கொள்ளுங்கள். கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்க்கிறவர், மந்தியைப் படம் எடுக்கிறேன் என்று விலகிப் போய்விட்டார். மூன்று விசில் கேட்டது. ஒரு விசில் கொடுத்தேன். இருபது நிமிடத்தில் கண்டுபிடித்தேன். அந்தப் பெரிய மனுஷன் என் தோளில் முகத்தை வைத்துத் தேம்பித் தேம்பி அழுதார். ஜீப் வரை என் கையை விடவில்லை. அந்தக் கிறிஸ்துமஸுக்கு மனைவியோடு கேக் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். ஹெப்சிபாவின் நல்ல தட்டுகளை எடுத்துக் கழுவி வைத்தேன். நான் வருவதற்குள் தன் உயிர் போய்விடும் போல இருந்தது என்று மனைவியிடம் மறுபடி மறுபடி சொன்னார். அடுத்த கிறிஸ்துமஸுக்கும் தட்டுகளைக் கழுவி வைத்தேன். அவர் வரவில்லை. பிறகு மார்க்கெட்டில் பார்த்தபோது, “என்ன அண்ணாச்சி, நல்லாருக்கியளா?” என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார்.

அதன் பிறகு நான்கு பேர். அவர்கள் தற்செயல் அல்ல. யாராவது கொஞ்சம் பின்தங்கினால் நான் அவர்களைத் தாண்டி முன்னால் வந்து, பாதை பிரிகிற இடத்தில் பட்டியை அவிழ்த்துவிடுவேன். அவிழ்ப்பது என் வேலைதானே, கொஞ்சம் முன்கூட்டி அவிழ்த்தேன், அவ்வளவுதான். முதல் ஆளுக்குப் பதினைந்து நிமிடம். நான்காவது ஆளுக்கு ஒரு மணி நேரம். ஒருவருக்கும் கீறல்கூட விழவில்லை. எல்லோரும் அழுதார்கள், எல்லோரும் என் கையைப் பிடித்தார்கள். சங்கத்து ஆண்டு விழாவில் எனக்குப் பொன்னாடை போர்த்தி, சாம்சன் பின்னால் இருக்கும்வரை இந்தச் சங்கத்தில் யாரும் தொலைந்துபோக முடியாது என்று பேசினார்கள். பலமாகக் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

மாரிசெல்வி வன்னியம்பட்டிக்காரி. முப்பத்தைந்து வயதிருக்கும். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கல்யாணம் ஆகவில்லை, அம்மா அழகுத்தாயும் அவளும் மட்டும். போன ஜூலையில் சங்கத்தில் சேர்ந்தாள். எதையும் நேரம் போட்டு எழுதிவைக்கிற பழக்கம். எத்தனை மணிக்கு எந்த மரம், கூடு எத்தனை அடி உயரம், எல்லாம் ஒரு சின்ன நோட்டில் இருக்கும். நோட்டு நனையாமல் இருக்கக் கழுத்தில் மாட்டுகிற பை ஒன்று தைத்துத் தரச் சொன்னாள். ரப்பர் பூசிய துணியில், தையலுக்கு மேல் பட்டை ஒட்டித் தைத்துக் கொடுத்தேன்.

முதல் நாள் அவளும் மற்றவர்களைப் போலத்தான் கேட்டாள். “நான் சும்மா உக்காந்துருந்தா நீங்க எப்புடி அண்ணாச்சி கண்டுபிடிப்பிய?”

“நீ அசையாம இரும்மா. நீ இருக்க எடம் மாறலன்னா நான் வந்துருவேன்.”

அதையும் நோட்டில் எழுதிக்கொண்டாள். மதியம் எலுமிச்சைச் சோற்றில் பாதியை என் பக்கம் தள்ளி, “வீட்ல யாரு அண்ணாச்சி இருக்கா?” என்று கேட்டாள். யாரும் இல்லை என்றேன். அவள் ஒன்றும் ஆறுதல் சொல்லவில்லை. “அப்போ ராத்திரிக்கும் கொஞ்சம் எடுத்துட்டுப் போங்க” என்றாள். ஆறு வருடத்தில் அந்தக் கேள்வியைக் கேட்ட ஒரே ஆள் அவள். அவளைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுதான் காரணம். அவள் மேல் எனக்கு வேறு எண்ணம் எதுவும் கிடையாது. இப்படிப்பட்ட ஒருத்தி நமக்காகக் காத்திருந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

அக்டோபர் கடைசி ஞாயிறு. கூனோடைப் பக்கம் எண்ணிக்கை முடிந்து திரும்பிக்கொண்டிருந்தோம். ஒரு மருத மரத்தில் இரண்டு கூடுகள் இருப்பது போலத் தெரிகிறது, சரிபார்த்துவிட்டு வருகிறேன் என்று அவள் நின்றாள். “நீங்க முன்னால போங்க அண்ணாச்சி, அஞ்சு நிமிசத்துல வாரேன்.” கடைசி ஆள் முன்னால் போகக் கூடாது. “சரிம்மா, மெதுவா வா” என்று சொல்லிவிட்டுப் போனேன். பாதை பிரிகிற இடத்தில் மூன்று பட்டிகளை அவிழ்த்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். மேட்டின் மேல் ஒரு பாறை இருக்கிறது. அதில் உட்கார்ந்தேன். மற்றவர்கள் ஜீப்புக்கு இறங்கிவிட்டார்கள். அவள் என்னோடு இருக்கிறாள் என்பதால் யாருக்கும் கவலை இல்லை.

இரண்டு ஐந்துக்கு முதல் தடவை மூன்று விசில் கேட்டது. ஒன்று கொடுத்தேன். இரண்டு பதினைந்துக்கு மறுபடி. சொல்லிக் கொடுத்தபடி ஒரு நிமிடம் முன்னே பின்னே இல்லாமல் ஊதினாள். அவள் இருந்த இடம் எனக்கு முந்நூறு அடி கீழே. மரங்களுக்கு நடுவே அவளுடைய நீலத் துப்பட்டா தெரிந்தது. ஓடை நடுவே பாறையில் காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள். பதில் கேட்கும்போதெல்லாம் தலையை நிமிர்த்தி மேட்டைப் பார்ப்பாள். இறங்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். இன்னும் ஒரு தடவை கூப்பிடட்டும், போகலாம் என்று நினைத்தேன். ஒரே நாளில் என்னை இத்தனை தடவை யாரும் கூப்பிட்டதில்லை. ஹெப்சிபாகூடக் கூப்பிட்டதில்லை. பதினொரு தடவை, ஐயா. அந்த ஒன்றே முக்கால் மணி நேரம் நான் மிகவும் சந்தோஷமாக இருந்தேன். அதை மறைக்க விரும்பவில்லை.

பிறகு மேலே மழை பெய்து ஓடை பெருகியது. அவளைத் தேடி இறங்குவதற்குள் வெள்ளம் வந்துவிட்டது என்று அன்று சொன்னேன். எல்லோரும் நம்பினார்கள். வேட்டைத் தடுப்புக் காவலர் உக்கிரபாண்டி மறுநாள் அவளைக் கண்டுபிடித்தபோது பக்கத்தில் நானும் இருந்தேன். இடுப்பளவுத் தண்ணீரில் நின்று தூக்கினோம். அன்று நான் அழுதது நடிப்பு இல்லை.

நோட்டு கிடைக்கும் என்று நான் நினைக்கவில்லை. இரண்டு மாதம் கழித்து மகாராஜபுரம் கண்மாயில் மடையைச் சுத்தம் செய்கிறவர் எடுத்துக் கொடுத்தார் என்று நீங்கள் சொன்னபோது முதலில் பையைத்தான் பார்த்தேன். ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகவில்லை. தையல் அப்படியே இருக்கிறது. கடைசிப் பக்கத்தைப் படித்துக் காட்டினீர்கள். பதினொரு நேரங்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரில் ‘பதில் வந்தது’. கடைசி வரி, ‘3.45. பதில் வந்தது. தண்ணி கூடுது. அண்ணாச்சி பக்கத்துலதான் இருக்காக.’ இத்தனை நேரம் பதில் கொடுத்தவன் ஏன் போகவில்லை என்றுதானே கேட்டீர்கள்.

அந்த நோட்டில் இல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வெள்ளம் திடீரென்று வரவில்லை. மூன்றரை மணிக்கே ஓடைத் தண்ணீர் டீ நிறத்துக்கு மாறி, சருகுகளைத் தள்ளிக்கொண்டு வந்ததை மேலிருந்து பார்த்தேன். அந்த நிறத்துக்கு என்ன அர்த்தம் என்று காட்டில் நடக்கிற எவனுக்கும் தெரியும். அவளும் எழுந்து நின்றாள். கரைக்கு எட்டே அடி. தாண்டி ஏறியிருக்கலாம். நின்றபடியே மூன்று விசில் ஊதிக் கேட்டாள். நான் ஒன்று கொடுத்தேன். உட்கார்ந்துவிட்டாள். பத்து நிமிடம் கழித்து இன்னொரு தடவை கேட்டாள். அப்போதும் கொடுத்தேன். தானாக ஏறி வந்துவிட்டால் நான் அவளைக் கண்டுபிடித்ததாக ஆகாது. அதனால்தான். வெள்ளத்தின் மேல் பழி போடாதீர்கள், நான்தான் அவளை அங்கே உட்காரவைத்துக் கொன்றேன்.

ஆனால் அவள் தனியாகச் சாகவில்லை என்பதையும் எழுதிக்கொள்ள வேண்டும். பக்கத்தில் ஆள் இருக்கிறது என்று அவளே எழுதியிருக்கிறாள்.

இன்னும் ஒன்றே ஒன்று. அடக்கம் முடிந்த அன்று அழகுத்தாய் அம்மா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, “கடைசி வரைக்கும் எம்பிள்ளையத் தேடுனது நீங்கதானாமே தம்பி, எனக்கு இனி யாரு இருக்கா” என்றார். அந்த ஞாயிறு போனேன். பிறகு எல்லா ஞாயிறும் போகிறேன். வன்னியம்பட்டித் தெருவுக்குள் என் மொபெட் சத்தம் கேட்டதும் அவர் எழுந்து அடுப்பைப் பற்றவைப்பார். “வாரதுக்கு இம்புட்டு நேரமா தம்பி?” என்பார். செத்த நேரம் பேசிக்கொண்டிருந்துவிட்டுச் சாப்பிட்டு வருவேன். நான் கொன்றவளின் தட்டில்தான் சாப்பிடுகிறேன் என்பது எனக்குத் தெரியும். வேறு தட்டு அந்த வீட்டில் இல்லை.

இன்று சனிக்கிழமை. நாளைக்கு என்னால் போக முடியாது. உலை வைத்துவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார், வயதானவர். நான் சொன்னதை எல்லாம் இப்போது அவரிடம் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் ஆள் ஒருவரை அனுப்பி, சாம்சன் வருவான், அதுவரை எங்கேயும் போகாமல் அங்கேயே இருக்கச் சொல்லுங்கள்.