மருந்து காணாத கரப்பான்

— எட்டு நிமிஷத்துல மல்லாந்து விழணும், ஷுக்கோர். நாப்பது நிமிஷமாச்சு. இன்னும் மீசையை ஆட்டிட்டு நிக்குது.

— மருந்து பழசாயிருக்கும், டாக்டர்.

— காலையில நானே கரைச்சது. பக்கத்து ஜாடியைப் பார். ஒப்பிட்டுப் பார்க்க இப்பத்தான் ஜப்பான்லேர்ந்து அனுப்பின, மருந்தே படாத கரப்பான், அதே மருந்து, ஏழரை நிமிஷத்துல மல்லாந்து கிடக்குது.

— ஏசி ஜாஸ்தியா இருக்கு. குளிருக்கு அதுங்க…

— இருபத்தெட்டு வருஷமா என்கூட இருக்கே. இந்தக் கதையைப் புதுசா வந்த பசங்ககிட்டச் சொல்லு. மருந்தையே காணாத இனம்னுதானே இந்த ஜாடிக்குப் பேரு? ஊர்ல பிடிக்கற ஒவ்வொரு கரப்பானையும் இதோட ஒப்பிட்டுத்தானே அது மருந்துக்கு எவ்வளவு முரடுன்னு சொல்றோம்? இதுதான்லா நம்ம அளவுகோல். அளவுகோலே கோணல்னா, நான் எழுதின கட்டுரை அத்தனையும் குப்பை.

— அப்படிச் சொல்லாதீங்க, டாக்டர்.

— நாளைக்குக் காலையில பேங்காக்லேர்ந்தும் ஜகார்த்தாலேர்ந்தும் ஆராய்ச்சிக்காரங்க வர்றாங்க, இதை எடுத்துட்டுப் போக. இனி அவங்களுக்கும் இதுதான் அளவு. தர மாட்டேன்னா காரணம் சொல்லணும். அந்தக் காரணம் உனக்குத் தெரியும். ஒரு மணி நேரமா என் முகத்தைப் பார்க்காம வாசலின் தடவிட்டிருக்கே.

— ஜாடி விளிம்பு காஞ்சிருக்கு. தடவலேன்னா ஏறி வெளிய வந்துடும்.

— வரட்டும். டப்பாவைக் கீழ வை.

— வச்சுட்டேன்.

— சொல்லு.

— நீங்க ஜப்பானுக்குப் போயிருந்தீங்களே, அந்த வருஷம்.

— இருபது வருஷம் முன்னாடி. சரி.

— நோன்புப் பெருநாளுக்கு ஊருக்குப் போனேன். அலமாரிக் கால் நிக்கற கிண்ணம் நாலுலயும் தளும்பத் தளும்பத் தண்ணி ஊத்திட்டுத்தான் போனேன், அல்லா சாட்சியா. நாலு நாள்னு போனவன், மாமனாருக்குக் காய்ச்சல், எட்டு நாளாயிடுச்சு. மழையே இல்லாத மாசம். கிண்ணம் வத்திப்போச்சு. வந்து பார்த்தா சுவத்துலேர்ந்து ஜாடி வரைக்கும் செவப்பா ஒரு கோடு. எறும்பு, டாக்டர். உள்ளே றெக்கைதான் மிச்சம்.

— ஒண்ணுகூடவா?

— முட்டைக்கூடு உட்பட.

— நீ திரும்பி வந்தப்புறம் நான் போன் பண்ணினேனே. பெருநாள் வாழ்த்து சொல்லிட்டு, கரப்பான் எப்படின்னு கேட்டேன். நல்லா சாப்பிடுதுன்னு சொன்னே.

— மூணாவது பொண்ணு பொறந்து பத்து நாள். வேலை ஒப்பந்தம் கையெழுத்தாகல. பயந்துட்டேன்.

— அப்புறம் இதுங்களை எங்கே பிடிச்சே? கேன்டீன்லயா?

— சேச்சே. அங்கே மாசாமாசம் மருந்தடிக்கறாங்களே. அதுகூடவா தெரியாது? உங்ககிட்ட வேலை கத்தவன் நான். மருந்தே படாத அடுப்படி இந்தப் பினாங்குல எதுன்னு ரெண்டு நாள் யோசிச்சேன். ஒண்ணே ஒண்ணுதான் தோணுச்சு.

— எது?

— ஆயர் ஈத்தாம்ல உங்கம்மா வீடு.

— என்ன சொல்றே?

— குவான் யின் சாமி இருக்கற வீட்ல எதையும் கொல்லக்கூடாதுன்னு, கரப்பானைக் காகிதத்துல ஏந்தி வெளிய விடுவாங்களே. நீங்களே வகுப்புல சொல்லிச் சிரிப்பீங்களே, பூச்சியைக் கொல்லச் சம்பளம் வாங்கறவ வீட்லதான் பூச்சிக்கு அடைக்கலம்னு. பெருநாளுக்குச் செஞ்ச கெத்துப்பாட் சோறு கொண்டு போய்க் குடுத்துட்டு, அம்மாகிட்ட விஷயத்தைச் சொன்னேன். சமையல் அலமாரியை நான் நகர்த்தினேன். அவங்கதான் டார்ச் பிடிச்சாங்க. நூத்தி நாப்பது பிடிச்சேன்.

— அம்மாவா? கொல்ற எடத்துக்குக் கொண்டு போறேன்னு தெரிஞ்சுமா?

— இதுங்களைக் கொல்ல மாட்டோம், வம்சம் வளர்க்கத்தான்னு சொன்னேன். ஏசி ரூமு, வேளாவேளைக்குத் தீனின்னு சொன்னதும் ரொம்ப சந்தோஷம் அவங்களுக்கு. மகளுக்குத் தெரிய வேண்டாம், நமக்குள்ளயே இருக்கட்டும்னேன். சாகற வரைக்கும் வாய் திறக்கல.

— ஆமா. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல.

— தப்புதான், டாக்டர். நாளைக்கு வர்றவங்க முன்னாடி நானே சொல்லிடறேன். பென்ஷன் போனாப் போகட்டும். உங்க பேரு கெடக் கூடாது. ஆனா ஒண்ணு மட்டும் இன்னிக்கு வரைக்கும் புரியல. நல்ல எடமாப் பார்த்துத்தானே பிடிச்சேன்? அம்மா வீட்ல ஒரு துளி மருந்து பட்டதில்லையே. அப்புறம் ஏன் இதுங்க சாக மாட்டேங்குது?

— நாளைக்கு நீ பேச வேண்டாம், ஷுக்கோர். நான் பேசறேன்.

— நீங்க எதுக்கு? செஞ்சவன் நான்.

— அப்போல்லாம் ஞாயித்துக்கிழமை அம்மா கோயிலுக்குப் போனதும், புதுசா எந்த மருந்து கைக்கு வந்தாலும் முதல்ல அந்த அலமாரிக்குப் பின்னாடிதான் தடவிப் பார்ப்பேன். நீ பிடிச்சது, எட்டு வருஷமா அதுல தப்பிச்சதுங்களை.