ஓர் ஆள் நிற்கும் இடம்

எங்கள் குழுவில் யாரும் உட்கார்ந்து கூட்டம் நடத்துவதில்லை. காலையில் வந்ததும் பையை மேசையில் போட்டுவிட்டு, காபியைக் கையில் பிடித்தபடி வட்டமாக நிற்போம். நேற்று என்ன செய்தாய், இன்று என்ன செய்யப்போகிறாய், வழியில் என்ன இடையூறு. ஆளுக்கு இந்த மூன்று கேள்விகள்தான். கால் வலிக்க ஆரம்பிப்பதற்குள் கூட்டம் முடிந்துவிடும். நின்றுகொண்டிருப்பவர்களுக்கு வளவளவென்று பேச வராது. உங்கள் காவல் நிலையத்திலும் முயன்று பாருங்கள், விசாரணையெல்லாம் சீக்கிரம் முடியும்.

நாற்காலி வேண்டாம். நான் நின்றே சொல்கிறேன், பழகிவிட்டது.

கமாவை மறுபடி மறுபடி அழைத்து விசாரிப்பதாகக் கேள்விப்பட்டேன். அதனால்தான் நானாகவே வந்தேன். கமா என்பது நாங்கள் வைத்த பெயர். ஒரு வரி எழுதினாலும் கமாவை எங்கே போடுவது என்று பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அந்தக் கேள்வியை முதலில் கிளப்பியது யார் என்று அவளிடம் கேட்டீர்களாம். அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அழுதுகொண்டே சொல்லியிருப்பாள், அப்படிப்பட்ட பெண்.

முதலில் எங்கள் வேலையைச் சொல்லிவிடுகிறேன். லிஃப்ட் தயாரிக்கும் கம்பெனியில் மக்கள் தொடர்புப் பிரிவு எங்களுடையது. நான் பொறுப்புக்கு வந்தபோது அந்த இடம் சந்தைக்கடை மாதிரி இருந்தது. எம்.டி. காலையில் ஒன்று சொல்வார், மதியம் அதையே வேண்டாம் என்பார். அறிக்கை தயாராவதற்குள் செய்தி பழசாகிவிடும். போன்காரர் மனைவியின் அறுவை சிகிச்சைக்குக்கூடப் போக முடியாமல் ஒரு பத்திரிகைக்காரரின் பதிலுக்காகக் காத்திருந்தார். அவர் எங்களில் மூத்தவர், எந்நேரமும் யாராவது நிருபரோடு பேசிக்கொண்டே இருப்பார்.

எங்களுக்கு மேல் மாடியில் மென்பொருள் பிரிவு. அவர்கள் மட்டும் மாலையானால் சிரித்துக்கொண்டே வீட்டுக்குக் கிளம்பினார்கள். என்ன மந்திரம் என்று கேட்டேன். அஜைல் என்றார்கள். பெரிய வேலையை முழுசாகத் தூக்காதே, சின்னச் சின்னத் துண்டாக வெட்டு. ஒவ்வொரு துண்டையும் ஓர் அட்டையில் எழுதிப் பலகையில் ஒட்டு. இரண்டு வாரம் ஒரு சுற்று. சிறியதாக வெளியே விடு, என்ன வருகிறது என்று கவனி, திருத்து, மறுபடி விடு. சுற்று முடிந்ததும் கூடி நின்று எது சரியாக நடந்தது, எது நடக்கவில்லை என்று பேசு. இவ்வளவுதான். நான் அதை அப்படியே கீழே கொண்டுவந்தேன். அட்டைகளை எழுதுவது என் வேலை, எடுத்துச் செய்வது அவர்கள் வேலை.

என் குழு மாறிப்போனது. போன்காரர் வீட்டில் சாப்பிட ஆரம்பித்தார். எங்கள் சமூக வலைத்தளப் பக்கங்களைப் பார்த்துக்கொள்பவனுக்குப் பூனை என்று பெயர், வருவதும் தெரியாது போவதும் தெரியாது. அவன்கூட ஒருநாள், "அக்கா, இப்பல்லாம் ராத்திரி தூக்கம் வருது" என்றான். நல்ல வேலைத்தலம் ஒன்றை உருவாக்கினேன் என்று இன்றும் நம்புகிறேன்.

அப்போதுதான் அந்த விபத்து நடந்தது. அடுக்குமாடிக் கட்டிடம் ஒன்றில் எங்கள் லிஃப்டின் கதவு திறந்தது, லிஃப்ட் வந்திருக்கவில்லை. ஏழு வயதுப் பையன் வழக்கம்போல ஓடிப்போய்க் காலை வைத்துவிட்டான்.

செய்தி வந்தபோது நான் வீட்டில் மகளுக்கு ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்தேன். என் கணவர் போனில் படித்துவிட்டுத் தலையை நிமிர்த்தி, "அந்த அம்மா எங்க போயிருந்தாங்களாம்?" என்று கேட்டார். அவர் ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காத மனிதர். ஆனால் அவர் அதைக் கேட்டதும் நான் விட்ட இடத்திலிருந்து நறுக்கத் தொடங்கினேன். கத்தி மறுபடி நேராக ஓடியது. என் மகளை நான் தனியாக விடுவதில்லையே, எனக்கு இது நடக்காது என்று உடம்பே சொல்லிக்கொண்டது. ஒரு தாய்க்கு எது நிம்மதி தருகிறது என்பதை நான் எந்தப் புத்தகத்திலும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

அந்த அம்மா ஒரு தொடக்கப் பள்ளி ஆசிரியை. நாங்கள் டீச்சர் என்றுதான் சொல்வோம். பையனை அடக்கம் செய்து சில நாள் கழித்து எங்கள் அலுவலக லாபிக்கு வந்தார். கத்தவில்லை, பதாகை எதுவும் பிடிக்கவில்லை. லிஃப்ட் பக்கத்தில் நின்றுகொண்டு, ஏறப்போகிற ஒவ்வொருவரிடமும் வகுப்பில் பேசுவதுபோலத் தணிந்த குரலில், "பாத்துட்டு ஏறுங்க" என்றார். அவ்வளவுதான். தினமும் பள்ளி விட்டதும் வருவார். காவலாளி அவரைத் தொடத் தயங்கினார். எங்கள் ஆட்களே படியில் ஏறத் தொடங்கினார்கள். ஒருமுறை பெரிய கட்டுமான நிறுவனத்திலிருந்து வந்த விருந்தாளிகள் அதைக் கேட்டுவிட்டு வாசலோடு திரும்பிப்போனார்கள்.

எம்.டி. என்னைக் கூப்பிட்டார். "இந்த அம்மாவ ஏதாவது பண்ணுங்க. போலீஸ் கீலீஸ் வேண்டாம், அசிங்கமாயிடும்" என்றார். அடுத்த சுற்றில் எடுத்துக்கொள்கிறோம் என்றேன்.

எங்கள் முறையில் எந்த வேலையும் ஒரு கதையாகத்தான் ஆரம்பிக்கும். நான் யார், எனக்கு என்ன வேண்டும், எதற்காக வேண்டும் என்று ஒரே வாக்கியம். நான் எழுதிய அட்டை இது: ஒரு தாயாக, இது என் குழந்தைக்கு நடக்காது என்று நான் நம்ப வேண்டும், அப்போதுதான் நாளைக் காலை லிஃப்டில் ஏற முடியும். இதில் யாரையாவது புண்படுத்தும் சொல் ஒன்றைக் காட்டுங்கள், பார்க்கலாம். டீச்சர் பெயர்கூட இல்லை.

பிறகு அதைத் துண்டாக்கினேன். கமாவுக்கு, அடுக்குமாடிகளில் குழந்தைப் பாதுகாப்பு பற்றி ஒரு கட்டுரை. "அக்கா, இது எல்லாருக்கும் உபயோகமான விஷயம்தானே?" என்று கேட்டாள். "ஆமா கமா, நீயே உன் அக்கா பிள்ளைகளுக்காகப் படிப்பே" என்றேன். உண்மைதான், இன்றும் பள்ளிகளில் அதை ஒட்டிவைத்திருக்கிறார்கள். போன்காரருக்கு, நிருபர்களோடு பேச்சு வரும்போது பையன் தனியாகவா இருந்தான் என்று சும்மா விசாரிப்பது. பூனைக்கு, பெற்றோர்கள் கூடிப் பேசும் பக்கங்களில் எந்தக் கேள்விக்கு அதிகம் பதில் வருகிறது என்று கவனித்து, அதைக் கொஞ்சம் மேலே ஏற்றிவிடுவது. யாரும் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. நான் அனுமதித்திருக்கவும் மாட்டேன்.

ஒவ்வொரு நாள் காலையும் நின்று பேசினோம். லிஃப்ட் கதவு ஏன் திறந்தது என்று கேட்டால் பத்துப் பேர் படித்தார்கள். அம்மா எங்கே இருந்தார் என்று கேட்டால் ஊரே படித்தது. ஆகவே முதலாவதை விட்டோம், இரண்டாவதைப் பிடித்துக்கொண்டோம். சில நாளில் நாங்கள் எதுவும் செய்யவேண்டியே இருக்கவில்லை. அந்த நேரம் அவர் போனில் பேசிக்கொண்டிருந்தாராம் என்றார் ஒருவர். யாரோடு பேசினாராம் என்று கேட்டார் இன்னொருவர். மூன்றாமவர் ஓர் ஆணின் பெயரைச் சொன்னார். அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று எனக்குச் சத்தியமாகத் தெரியாது.

அவர் வகுப்பிலிருந்து பிள்ளைகளை மாற்றச் சொல்லிப் பெற்றோர்கள் பள்ளிக்குப் போனார்கள். பள்ளி அவரை விடுப்பில் அனுப்பியது. அவர் கணவர் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார் என்று போன்காரர் ஒரு காலை சொன்னார். போகும்போது, "நீ போன்லயா இருந்தே? என்கிட்டயாவது சொல்லு" என்று கேட்டாராம். சொல்லிவிட்டுப் போன்காரர் காபியைக் குடிக்காமல் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இடையூறு ஏதாவது?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல" என்றார்.

லாபி காலியானது. ஆட்கள் மறுபடி லிஃப்டில் வந்தார்கள். எம்.டி. எங்களுக்கு ஒரு பெரிய கேக் அனுப்பினார்.

அந்தச் சுற்றின் கடைசியில் ஒரு காலை நாங்கள் வட்டமாக நிற்கும்போது டீச்சர் உள்ளே வந்தார். படியேறி வந்ததில் மூச்சு வாங்கியது. புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கமாவுக்கும் பூனைக்கும் நடுவில் இருந்த இடைவெளியில் வந்து நின்றார். கூட்டத்துக்குப் பிந்தி வந்தவர் போல. பூனை சற்று நகர்ந்து இடம் கொடுத்தான்.

"இந்தப் பேச்செல்லாம் இங்கேருந்துதான் வருதுன்னு ஒருத்தர் சொன்னாங்க" என்றார். "யார் முதல்ல கேட்டீங்க?"

அவர் பலகையைப் பார்த்தார். மாணவர்களின் நோட்டைத் திருத்தியவர் அல்லவா, ஒவ்வோர் அட்டையாகப் பொறுமையாகப் படித்தார். தன்னைத் தேடினார் என்று நினைக்கிறேன். கிடைக்கவில்லை.

"வீட்டுக் கதவைப் பூட்டத் திரும்பினேன்" என்றார். "சாவி சுத்தற நேரம். அவ்வளவுதான் நான் திரும்பியிருந்தேன். உங்கள்ல ஒருத்தராவது அதை எழுதுங்களேன்."

கமா என்னைப் பார்த்தாள். சுற்றுக்கு நடுவில் புதிய வேலையை நுழைத்தால் முறையே குலைந்துவிடும். நான் டீச்சரிடம் மரியாதையாகத்தான் சொன்னேன்: "அடுத்த சுற்றுல கண்டிப்பா பாக்கறோம்மா." அவர் கண்முன்னாலேயே ஓர் அட்டையில் எழுதிக் காத்திருப்பு வரிசையில் ஒட்டினேன். அவர் அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "நீங்களும் அம்மாவா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் படி வழியாகவே இறங்கிப் போனார்.

அடுத்த சுற்று தொடங்குவதற்கு முன் அவர் இறந்துவிட்டார். அதே கட்டிடம், அதே மாடி. லிஃப்டை மூடிப் பலகை அடித்திருந்தார்கள், அதை அகற்றியிருக்கிறார். மற்றது உங்கள் கோப்பிலேயே இருக்கும்.

அன்று சுற்றுமுடிவுக் கூட்டம். எது சரியாக நடந்தது என்று வழக்கம்போலக் கேட்டேன். எது நடக்கவில்லை என்று கேட்டேன். கமாதான் மெல்லச் சொன்னாள், "அக்கா, நாம ஏன் இப்படி நிக்கறோம்?"

பார்த்தேன். கமாவுக்கும் பூனைக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விட்டிருந்தார்கள். யாரும் சொல்லி விடவில்லை. நெருங்கி நில்லுங்கள் என்றேன், நெருங்கினார்கள். பேச ஆரம்பித்ததும் இடம் மறுபடி திறந்துகொண்டது. மறுநாள் ஆட்களை மாற்றி நிறுத்தினேன். போன்காரருக்கும் எனக்கும் நடுவில் இடம் விழுந்தது. வேறு அறைக்குப் போனோம், சிறிய அறை, தோள் உரசும். அங்கேயும் சுவரோடு ஒண்டிக்கொண்டு அந்த இடத்தை விட்டார்கள். பூனை முதலில் வேலையை விட்டான். பிறகு போன்காரர். கமா கடைசியில். போகும்போது, "அக்கா, எனக்கு அவங்க மூச்சு வாங்கற சத்தம் கேக்குது. உங்களுக்குக் கேக்கலையா?" என்றாள். பாவம், கற்பனை அதிகம். அவளை விட்டுவிடுங்கள் என்று சொல்வது இதற்காகத்தான்.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். அந்தக் கேள்வியை முதலில் எழுதியது நான். ஒரு பெற்றோர் பக்கத்தில், வேறு பெயரில். "தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அந்த நேரம் அந்த அம்மா எங்கே இருந்தார்?" என்று எழுதினேன். குழுவிடம் கொடுப்பதற்கு முன் நானே ஒருமுறை சோதித்துப் பார்க்க வேண்டும் அல்லவா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும், நீங்கள் இன்னும் கேட்காதது. விபத்துக்குச் சில மாதம் முன்பு பராமரிப்புத் தலைவர் என்னிடம் வந்தார். "மேடம், பழைய மாடல்ல கதவுப் பூட்டு சில சமயம் ஏமாத்துது. லிஃப்ட் வராமலே திறக்குது. நாங்க போய் மாத்தறவரைக்கும் ஜனங்களுக்கு ஒரு எச்சரிக்கை குடுத்துடுங்க" என்றார். உடனே அட்டை எழுதினேன். அந்தச் சுற்றில் புதிய மாடலின் அறிமுக விழா இருந்தது. எச்சரிக்கையைக் காத்திருப்பு வரிசைக்குத் தள்ளினேன். அடுத்த சுற்றில் வேறொன்று. மறுபடி தள்ளினேன். தள்ளிவைப்பது தவறில்லை, முறையில் அதற்கு இடம் இருக்கிறது. டீச்சர் லாபியில் நின்று செய்தது, யோசித்துப் பார்த்தால், நான் தள்ளிவைத்த அந்த வேலையைத்தான். அதனால்தான் அவர் அங்கே நிற்கக் கூடாது என்று அவசரப்பட்டேன் என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம். பையனையும் தாயையும் நான்தான் கொன்றேன் என்றும் எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் வன்மம் என்று மட்டும் எழுதாதீர்கள். எனக்கு யார்மேலும் வன்மம் கிடையாது.

நான் பயந்துபோயிருக்கிறேன் என்று என் கணவர் சொல்லியிருப்பார். அப்படியில்லை. குழு இல்லாவிட்டாலும் தினமும் காலையில் அலுவலகம் போகிறேன், அந்த அறையில் நிற்கிறேன். எதிரே அந்த இடம் இருக்கிறது. நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்யப்போகிறேன் என்று சத்தமாகச் சொல்கிறேன். இடையூறு ஏதுமில்லை என்கிறேன். நடந்ததில் என் தவறு எவ்வளவு, மற்றவர்கள் தவறு எவ்வளவு என்று விளக்குகிறேன். படியேறி வந்தவருக்கு மூச்சு அடங்கும்வரை கொஞ்ச நேரம் காத்திருக்கிறேன். இத்தனை நாளில் அவர் ஒரு வார்த்தைகூட என்னை மறுத்துச் சொன்னதில்லை. எங்கள் தொழிலில், மறுப்பு வராத செய்தியை உண்மை என்றுதான் எடுத்துக்கொள்வோம்.