அபூசாலி அப்போதிக்கரி தவறி விழவில்லை

இக்கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் பாடசாலை அதிபர் பளீல் அவர்களே, பள்ளிவாசலை நிர்வகிக்கும் நம்பிக்கையாளர்களே, மேடையில் வீற்றிருக்கும் உலமாக்களே, காரைதீவிலிருந்தும் பாண்டிருப்பிலிருந்தும் துக்கத்தில் பங்கெடுக்க வந்திருக்கும் அன்பர்களே, திரைக்கு அப்பால் அமர்ந்திருக்கும் தாய்மாரே, சகோதரிகளே! உங்கள் எல்லோர் மீதும் சாந்தி உண்டாகட்டும்.

மர்ஹூம் அபூசாலி அப்போதிக்கரி அவர்களைப் பற்றி நல்ல வார்த்தை நாலு பேசும்படி தலைவர் என்னைக் கேட்டுக்கொண்டார். நம் மருந்தகத்தில் அவர் வைத்தியம் பார்க்க, பக்கத்து மேசையில் இத்தனை வருடமும் மருந்து கலந்து கொடுத்த டிஸ்பென்சர் அபுல் ஹஸன் என்ற உரிமையில் பேசுகிறேன். ஆனால் நல்ல வார்த்தைகள் அவருக்கு மட்டுந்தான். உங்களுக்குக் கொடுக்க இன்று என்னிடம் நல்ல வார்த்தை இல்லை.

எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லோரும் ஒரே சொல்லைச் சொன்னார்கள். நஸீபு! அவருடைய விதி அவ்வளவுதான் என்றார்கள். அல்லாஹ்வின் நாட்டத்தை நானும் நம்புகிறவன்தான். ஆனால் கேட்கிறேன். மோட்டார் சைக்கிளின் அக்ஸிலரேட்டரை முறுக்கியது யாருடைய கை? அந்தக் கையை மறைக்க அல்லாஹ்வின் பெயரையா போர்த்துவது? நஸீபு என்ற சொல்லை இந்த ஒலிபெருக்கியில் கேட்கக் கேட்க எனக்கு அருவருப்பாக இருந்தது. வெட்கமாக இல்லையா நமக்கு?

யார் இந்த அபூசாலி அப்போதிக்கரி? ஊரில் மோட்டார் சைக்கிள் என்றால் அவருடைய பழைய பீ.எஸ்.ஏ. ஒன்றுதான் என்றிருந்த காலத்திலேயே அதில் ஏறிச் சாகாமக் கிராமத்துக்குப் போய் வந்தவர். அங்கே வயலோரக் குடிசைகளில் காய்ச்சல்காரர்கள் காத்திருப்பார்கள். மாரி காலத்தில் குளத்துக்கட்டுப் பாதை சேறாகிவிடும். இறங்கித் தள்ளிக்கொண்டு போவார். "கொஞ்சம் வேகமாப் போனா நேரத்தோட வரலாமே" என்று நான் ஒருமுறை சொன்னேன். "நான் உழுந்தா சாகாமத்துக்கு மருந்து போகாது ஹஸன்" என்றார். அவ்வளவுதான் பதில்.

பிறகு எழுபத்தேழாம் ஆண்டு வந்தது. இறக்குமதிக் கதவு திறந்தது. கடைத்தெருவில் புது மோட்டார் சைக்கிள்கள் கண்ணாடி போல மின்னிக்கொண்டு நின்றன. சவூதிக்குப் போனவர்களின் வீட்டில் ஒன்று. குவைத்துக்குப் போனவர்களின் வீட்டில் ஒன்று. வேளாண்மை நன்றாக விளைந்த வீட்டில் ஒன்று. அதன் பிறகு என்ன செய்தோம்? சீதனத்தில் சேர்த்துக்கொண்டோம்! வீடு வளவோடு மோட்டார் சைக்கிளும் வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டார் கூசாமல் கேட்டார்கள். பெண் வீட்டார் கொடுத்தார்கள். மாப்பிள்ளைக்கு ஓட்டத் தெரியுமா என்று ஒரு பெண்ணின் வாப்பாவாவது கேட்டாரா?

அப்துல் ஸமட் என்ற மாப்பிள்ளையை மறந்திருக்க மாட்டீர்கள். கையில் மருதோன்றிச் சிவப்பு அழியுமுன்னரே போன பிள்ளை. நிந்தவூர் வீதியில் காயப்போட்டிருந்த நெல்லின் மேல் வேகமாக ஏறி, பயத்தில் முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்துவிட்டான். ஹெல்மெட் இருந்தது. மோட்டார் சைக்கிள் கண்ணாடியில் கொழுவித் தொங்கியது. மருந்தகத்துக்குத் தூக்கி வந்தார்கள். அப்போதிக்கரி அவனுடைய தலையைத் துணியால் பொத்திப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். நான் அடுத்த துணியை எடுத்துக் கொடுக்கிறேன். வாசலில் நின்ற உறவுக்காரர் ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்துக் கேட்டார்: "சைக்கிளப் பொலிஸ் கொண்டு பெயித்தானா?"

மோட்டார் சைக்கிளைக் கேட்டார்! உயிர் போய்க்கொண்டிருக்கிற அறையின் வாசலில் நின்றுகொண்டு!

அன்று அந்தப் பிள்ளையின் கண்ணை மூடிவிட்டுக் கை கழுவும்போது அப்போதிக்கரி என்னிடம் சொன்னார்: "ஹஸன், உடைஞ்ச தலையத் தைச்சிக்கிட்டே இரிக்க எனக்கு ஏலாது. உடையாமப் பாக்கோணும்."

அந்தக் கிழமையே தொடங்கினார். வெள்ளிக்கிழமைகளில் மாலை, அஸர் தொழுகைக்குப் பின் பாடசாலை மைதானம். புதிதாக மோட்டார் சைக்கிள் வாங்கியவர்கள் எல்லோரும் வரலாம் என்று பள்ளிவாசலில் அறிவிக்கச் செய்தார். மைதானம் கொள்ளாத கூட்டம் வந்தது. புது வண்டியைக் காட்ட வந்த கூட்டம்! அவர் முன்னால் வந்து நின்றார்.

"மனே, இண்டைக்கு ஒருத்தரும் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணப்படாது. தள்ளிக்கிட்டு மைதானத்தச் சுத்துங்க. இதிர பாரம் எவ்வளவு எண்டு முதல்ல உங்கட கையிக்குத் தெரியோணும்" என்றார்.

பாதிப்பேர் அன்றே போய்விட்டார்கள்.

நின்றவர்களுக்கு அவர் ஓடப் பழக்கவில்லை. நிற்கப் பழக்கினார். தன் வீட்டு நெல்மூட்டையைக் கொண்டுவந்து தரையில் பரப்பி, மெதுவாக அதன் மேல் ஓட்டச் சொல்லி, முன் பிரேக்கைப் பிடித்தால் சில்லு எப்படி வழுக்குகிறது என்று அவர்களுடைய காலுக்கே உணர்த்தினார். சாரன் உடுத்து வந்தவனைத் திருப்பி அனுப்பினார். "சாரன் செயினுக்குள்ள போனா பொறகால காலும் போகும். போய்க் காற்சட்டை போட்டுக்கிட்டு வா" என்றார். ஹெல்மெட்டைக் கண்ணாடியில் கொழுவியவனிடம், "கண்ணாடிக்கா மனே மூளை இரிக்கி?" என்று கேட்டார். பின்னால் ஆளை ஏற்றுவது பிறகு, முதலில் தனியாக ஓடிப் பழகு என்றார். மனைவியை ஏற்றினால் சேலைத் தலைப்பு சில்லுக்குள் போகாமல் சொருகிவிட்ட பின்னரே நிலத்திலிருந்து காலை எடு என்றார். திரும்புமுன் கையைக் காட்டு, கண்ணாடியை மட்டும் நம்பாதே, தோளுக்கு மேலால் ஒருதரம் பார் என்றார்.

எல்லாவற்றிலும் அதிகம் அவர் சொன்னது எது தெரியுமா? பஸ்ஸைப் பற்றி. "பஸ் நிண்டா நீயும் நில்லு. நிக்கிற பஸ்ஸுக்கு இடப்பக்கத்தால போறவன் மனிசனுக்கு மேலாலதான் போறான். இறங்கிற ஆள் உன்னப் பாக்கமாட்டார். அவர் படியத்தான் பாப்பார். பாக்கவேண்டியது நீ!"

நானும் அந்த மைதானத்தில்தான் மோட்டார் சைக்கிள் ஓடப் பழகினேன். பிறகு அவருக்குக் கூடமாட நின்றேன். ஊர் என்ன செய்தது? 'அப்போதிக்கரிட மதரசா' என்று பெயர் வைத்துச் சிரித்தது. படித்தவர்களும் சிரித்தார்கள். "சாதாரண சைக்கிள் ஓடினவன்தானே என்ட மகன், இதுக்கென்ன படிப்பு?" என்றார்கள் வாப்பாமார். அந்த வாப்பாமாரில் பலர் இங்கே இருக்கிறீர்கள். உங்கள் முகங்கள் எனக்குத் தெரிகின்றன.

மேடையில் என் வலப்பக்கம் மீராசாஹிபு ஹாஜியார் அமர்ந்திருக்கிறார். அரிசி ஆலைச் சொந்தக்காரர். இந்த ஒலிபெருக்கி அவருடைய உபயம். மேடைக்குப் பின்னால் கட்டியிருக்கிற அனுதாபப் பதாகையும் அவருடையது. ஹாஜியார், எழும்ப வேண்டாம். இருங்கள். இருந்து கேளுங்கள்.

இவருடைய மகன் றவூபும் ஒரு வெள்ளிக்கிழமை மைதானத்துக்கு வந்தான். தோளுக்கு மேலால் பார்த்துத் திரும்பச் சொன்னார் அப்போதிக்கரி. அவன் சிரித்தான். "என்ட சைக்கிளுக்குப் பொறகால ஒருத்தனும் வந்து சேர ஏலாது. நான் ஏன் திரும்பிப் பாக்கிற?" என்றான். கூட்டாளிகள் கைதட்டினார்கள். வண்டியை முறுக்கி மண்ணைக் கிளப்பிக்கொண்டு போனான். பிறகு அவன் மைதானத்துப் பக்கம் வரவேயில்லை. ஆனால் அவனுக்கு லைசன் வந்தது! எவரும் அவனை ஓடிக் காட்டச் சொல்லவில்லை. யார் முயற்சியால் வந்தது என்பதை அவனுடைய வாப்பா அறிவார்.

அவர் அடிபட்ட அந்தத் திங்கட்கிழமைக்கு வருகிறேன்.

அப்போதிக்கரியின் பீ.எஸ்.ஏ. திருத்த வேலைக்குப் போயிருந்தது. இருவரும் கல்முனையிலிருந்து பஸ்ஸில் வந்தோம். நம் சந்தைக்கு முன்னால் பஸ் நின்றது. முன்னே ஆயிஷா உம்மா, வயதான மனுஷி, படியில் கால் வைக்கத் தயங்கினார். "பயப்புடாதீங்க உம்மா, நான் புடிச்சிரிக்கன்" என்று சொல்லி அவருடைய கையைப் பிடித்து இறக்கிவிட்டு, அப்போதிக்கரியும் இறங்கினார். இறங்கிக் காலூன்றினார். அவர் தவறவில்லை. வழுக்கவில்லை. பாயவில்லை. அடுத்த படியில் நின்ற நான் என் இரண்டு கண்ணாலும் கண்டேன். பஸ்ஸுக்கும் வீதியோரச் சாக்கடைக் கானுக்கும் இடையிலிருந்த அந்த ஒடுங்கிய இடத்தால், இடப்பக்கத்தால், ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது. ஆயிஷா உம்மாவை அவர் தள்ளிவிட்டார். அது அவரை அடித்தது.

ஓடி வந்தார்கள். நூறு பேர் இருக்கும். முதலில் எதைத் தூக்கினார்கள்? மோட்டார் சைக்கிளைத் தூக்கினார்கள்! "டேங்க் நெளிஞ்சி பெயித்து" என்று ஒருவன் தடவிப் பார்த்தான். அப்போதிக்கரி தார் வீதியில் கிடந்தார். நான் கத்தினேன், கார் கொண்டு வாருங்கள் என்று. கார் வந்தது. ஹாஜியாரின் கார். வந்து, அவரை அடித்துவிட்டு முழங்கை மட்டும் உரசிக்கொண்ட றவூபை ஏற்றிக்கொண்டு போனது.

கேட்டீர்களா? அந்தக் கார் போனது! பின்னாசனத்தில் இடம் இருந்தது!

நெல் ஏற்ற வந்த ட்ராக்டர் பெட்டியில் அவரைக் கிடத்தினோம். தலையை என் மடியில் வைத்திருந்தேன். பேச்சு இருந்தது. என்ன கேட்டார் தெரியுமா? "பொடியன் சத்தி, வாந்தி ஏதும் எடுத்தானா ஹஸன்? தலையில அடி பட்டிரிந்தா சத்தி வரும். படுக்க வைக்கச் சொல்லு" என்றார். அவருடைய கடைசிப் பேச்சு அது. ஆஸ்பத்திரி வாசலில் ட்ராக்டர் நின்றபோது மனிதர் இல்லை.

ஜனாஸா அடக்கி, மண் காயவில்லை. ஊரில் ஒரு கதை நடக்கத் தொடங்கிவிட்டது. அப்போதிக்கரி அவசரப்பட்டு ஓடுகிற பஸ்ஸிலிருந்து பாய்ந்தாராம். தவறி விழுந்தாராம். பொடியன் என்ன செய்வானாம்! பஸ்ஸில் இருந்தவர்களும் இதைச் சொன்னார்கள். பொலிசிலும் சொன்னார்கள். அவரிடம் மருந்து வாங்கிக் குடித்த வாயால் சொன்னார்கள்! காரைதீவைச் சேர்ந்த கொண்டக்டர் குணம் ஒருவர்தான், பஸ் நின்ற பிறகே அவர் இறங்கினார் என்று நேராகச் சொன்னவர். அவருக்கு இந்த ஊரில் சொந்தமும் இல்லை, பந்தமும் இல்லை. உண்மை மட்டும் இருந்தது.

ஹாஜியார் என் வீட்டுக்கும் வந்தார். "மௌத்தானவர் திரும்பியா வரப்போறார்? பொடியனுக்குக் குவைத் விசா வந்திரிக்கி. அவன்ட வாழ்க்கையப் பாருங்க ஹஸன்" என்றார். அபூசாலிக்கு வாழ்க்கை இருக்கவில்லையா ஹாஜியார்? உங்கள் மகன்மேல் எனக்குக் கோபம் உண்டு. ஆனால் அருவருப்பு அவன்மேல் அல்ல. இருபது வயதுக்காரனுக்கு ஓடத் தெரியாது என்பது பழகினால் தீரும். அவன் செய்ததை இல்லையென்று ஆக்கப் பெரியவர்களெல்லாம் கூடி நிற்கிறோமே, அதை எந்த மைதானத்தில் பழக்கித் தீர்ப்பது?

அப்போதிக்கரியின் மனைவி கமீலா, வெளியே வராமல், இத்தாவில் இருக்கிறார். அவர் என் மனைவியிடம் சொல்லியனுப்பியதை அப்படியே சொல்கிறேன். "அந்தப் பொடியன் வந்து என்ட வாசல்ல நிண்டு, நான்தான் அடிச்ச எண்டு ஒரு சொல்லுச் சொன்னாப் போதும் எண்டிருந்தன். அவன் வரல்ல. அவங்கட ஊட்டில இருந்து சஹன் தட்டுல சோறுதான் வந்திச்சி. மூடி திறக்காமத் திருப்பி அனுப்பிட்டன். அவர் தவறி உழுந்தார் எண்டு மட்டும் எழுத உடாதீங்க."

எழுத விடமாட்டேன். நேற்றுக் காலை பொலிசுக்குப் போய் என் வாக்குமூலத்தைக் கொடுத்துவிட்டேன்.

அன்பர்களே! பதாகை கட்டுவதால் இந்த மனிதரை நாம் கௌரவித்ததாகாது. வருகிற வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின் மைதானத்தில் நான் நிற்பேன். ஒருவர் வந்தாலும் பழக்குவேன். எவரும் வராவிட்டாலும் பொழுதுபட்டு மக்ரிப் பாங்கு சொல்லும் வரைக்கும் நின்றுவிட்டுத்தான் வருவேன். பள்ளிவாசல் நம்பிக்கையாளர்களே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். சீதனத்தில் மோட்டார் சைக்கிள் வைத்து நிக்காஹ் பேசி வருகிறவர்களிடம், மாப்பிள்ளைக்கு ஓடத் தெரியுமா என்று கேளுங்கள். தெரியாவிட்டால் என்னிடம் அனுப்புங்கள். அபூசாலி அவர்கள் தொடங்கிய வேலை அபூசாலியோடு அடக்கப்படவில்லை. இது என் சத்தியம்.

இன்னும் ஒன்று. அந்தப் பஸ்ஸில் இருந்தவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். என் ஒருவனுடைய வாக்கும், வெளியூர்க் கொண்டக்டருடைய வாக்கும் போதாது என்கிறார்கள். நான் இப்போதே மறுபடியும் பொலிசுக்குப் போகிறேன். என்னோடு யார் வருகிறீர்கள்?

ஏன் தலை குனிகிறீர்கள்? நிலத்தில் என்ன இருக்கிறது? இத்தனை ஆண்பிள்ளைகளில் ஒருவர்...

யார் அது? திரைக்கு அப்பால் யார் பேசுவது? சத்தமாகச் சொல்லுங்கள் உம்மா, சபைக்குக் கேட்கட்டும்.

"நான் ஆயிஷா உம்மா மனே. என்ட கையப் புடிச்சி இறக்கிவிட்ட மனிசனை அது அடிச்சத நான் கண்டன். என்னட்ட ஒருத்தரும் கேக்கல்ல. என்னையும் கூட்டிக்கிட்டுப் போ."

கேட்டீர்களா எல்லோரும்? தலைவர் அவர்களே, துஆவை நீங்கள் ஓதி முடித்துவையுங்கள். நான் உம்மாவைக் கூட்டிக்கொண்டு புறப்படுகிறேன்.