காபி நீட்டும் கை

திண்டிவனத்தில் பஸ் கிளம்பியதும், என் முன் சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பெண், பக்கத்தில் இருந்த இளையவளிடம் சொன்னார்: "விக்கிரவாண்டிக்கு முன்னால ஒரு ஓட்டல் போர்டு வரும் பாரு. அதுல காபி நீட்டுற கை என்னுதுதான்."

"நெஜமாவாக்கா?"

"ஆமாண்டி. அங்க பாத்திரம் கழுவிக்கினு இருந்தேன். போர்டு எழுத வந்த பெயிண்டரு, 'கை சரியா வரல, டம்ளர புடிச்சிக்கினு கொஞ்சம் நில்லும்மா'ன்னாரு. வெயில்ல நின்னேன்."

"மொதலாளி ஒண்ணும் சொல்லலியா?"

"யார் கைன்னு அவருக்குத் தெரியாது. அப்பல்லாம் எங்க தெரு ஆளுங்கள டேபிளாண்ட விடமாட்டாங்க. ஆனா லாரிக்காரங்க அந்தக் கையப் பாத்துதான் வண்டிய நிறுத்துவாங்க. எனக்கு உள்ளுக்குள்ள சிரிப்பா வரும்."

"அப்புறம்?"

"ரோடு அகலமாக்க சொல்லோ போர்ட எடுத்துட்டாங்க. பெரிய மொதலாளியும் போய்ட்டாரு. இப்ப ஓட்டல பாக்குறது அவரு பொண்ணு. 'புது போர்டுலயும் அதே கை வேணும், யாருதுன்னே தெரியல'ன்னு பொலம்பிக்கினு இருந்துச்சு. நான் ஈரக் கைய தொடைச்சிக்கினு நீட்டினேன். அது என் கையப் புடிச்சி திருப்பித் திருப்பிப் பாத்துச்சு. போட்டோ எடுத்துச்சு. மறுநாள்லேர்ந்து டேபிள்ல காபி வெக்கிறது நான்தான்."

போர்டு வந்தது. இளையவள் எக்கிப் பார்த்தாள்.

"தங்க வளையலா போட்டிருந்த?"

"கண்ணாடி வளையல்தான். கம்ப்யூட்டர்ல தங்கமா மாத்திடும்மான்னு நான்தான் சொன்னேன்."