அரை இஞ்சு லூஸ்

"ஹலோ... ஆமா, அப்பாதான். மெதுவாச் சொல்லு ஜோதி... எடை போட்டாச்சா? ஐம்பத்தி மூணு கிலோவுக்குள்ள நிக்குதா?... ஆமா, ஆமா... பெறகு எதுக்கு அழுகுற?"

ராயபுரத்துப் பனியன் கம்பெனியின் கட்டிங் மாஸ்டர் சோணைமுத்து ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டார். உடுமலைப்பேட்டைக்குப் பளு தூக்கும் போட்டிக்குப் போன மகள், ஒரு ரூபாய் போனிலிருந்து கூப்பிடுகிறாள். காசு தீர்ந்தால் பேச்சும் தீர்ந்தது.

"என்னது, எல்போ ஸ்லீவ் நிக்கலையா?... மேல ஏத்தி விடு... ஏத்துனாலும் மணிக்கட்டுக்கு எறங்குதா?... இல்ல, இல்ல, அளவெல்லாம் கரெக்ட்டு. அப்பா அளந்தா மாறுமா?"

அந்த முழங்கை உறை, நேற்று அவரே இழுபடும் லைக்ரா துணியில் வெட்டித் தைத்துக் கொடுத்தது. மேடை ஏறும்வரை வலிக்கிற முழங்கையை இறுக்கிப் பிடித்துச் சூடாக வைத்திருக்க வேண்டியது. மேசையில் கிடந்த பேட்டர்ன் அட்டையை எடுத்துப் பார்த்தார். கைச் சுற்றளவு ஒன்பதரை இஞ்சு, வெட்டு பத்து. இறுக்க வேண்டிய துணியைக் கையைவிடச் சின்னதாக அல்லவா வெட்டியிருக்க வேண்டும்? இருபது வருடம் டி-சர்ட் வெட்டிய கை, எப்போதும்போல அரை இஞ்சு லூஸ் சேர்த்துவிட்டது.

"என்ன சொல்ற?... கை இளைச்சுப்போச்சா?... மூணு நாளு பட்டினி கெடந்ததுலயா... அதெல்லாம் இல்ல... போட்டியில இருந்து பேரை எடுக்கப் போறியா? அடியே, இதுல ஜெயிச்சாத்தான மாநிலப் போட்டி. கோச்சுகிட்ட ஒண்ணும் சொல்லிறாத, கெஞ்சிக் கேக்குறேன்... ஒரு நிமிசம் இரு... ரெண்டே நிமிசங்க சார், மகள்ங்க. வந்து வெட்டிர்றேங்க..."

மேனேஜர் சிவசுப்பிரமணியம் முறைத்துவிட்டுப் போனார். வெட்டு பிசகினால், ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையாகத் துணியைத்தான் குறை சொல்வார் சோணைமுத்து. அதற்கு இந்தக் கம்பெனியே சாட்சி.

"இந்தா, கேளு. யார்ட்டயாவது ஊசி நூல் இருக்கும். உள்பக்கமாத் திருப்பி, ஒன்றரை இஞ்சு புடிச்சுத் தையி. நேரா ஓட்டாத, வளைச்சு வளைச்சுப் போடு, இல்லன்னா கைய மடக்கையில நூலு அந்துரும்... ஆமா... விரலு மரத்துப்போனா கழட்டிரு... தெரியும், தெரியும், மேடையில போட விடமாட்டாக. வெறுங்கையோடதான் தூக்கணும்..."

வெறுங்கை என்று சொல்லி முடித்ததும் அவருக்கு உறைத்தது. உறையைத் தைத்துவிடலாம். கை இளைத்துவிட்டது என்ற பயத்தை எந்த ஊசியால் தைப்பது? பயத்தோடு தூக்கினால் அந்த முழங்கை என்ன ஆகும்?

"என்னது, கடைசிக் காசா?... வைக்காத, வைக்காத. ஜோதி, உன் கை இளைக்கல. தப்பு... தப்பு என்னுது. பழக்கதோசத்துல நான்தான் அரை இஞ்சு கூட்டி வெட்டிப்புட்டேன்... இல்லடி, ஆறுதலுக்குச் சொல்லல... சத்தியமா... தப்பு என்னுதுன்னு உங்கப்பன் என்னைக்காவது சொல்லிக் கேட்டிருக்கியா?... இல்லைல்ல? அப்ப நம்பு... என்ன சத்தம் அது? சிரிக்கிறியா, அழுகுறியா?... மேடை ஏறுவியா? அதை மட்டும் சொல்லு தாயி... ஹலோ... ஜோதி... ஹலோ..."