மாடியில் மெஷின் ஓடுகிறது

உங்கள் அறையில் அந்த ஜன்னல் மூலையில் ஓதம் இறங்கியிருக்கிறது. மழைக்கு முன்னால் ஆளைக் கூப்பிட்டுக் காட்டிவிடுங்கள். பூச்சு பெயர ஆரம்பித்துவிட்டால் அப்புறம் சுவரையே உரிக்க வேண்டியிருக்கும். தப்பாக நினைக்காதீர்கள், வீட்டை வாடகைக்கு விட்டுப் பழகியவளுக்கு எங்கே போனாலும் கண் முதலில் சுவரைத்தான் பார்க்கும்.

நான் நல்ல வீட்டுக்காரி. நானாகச் சொல்லிக்கொள்வதில்லை இது. எங்கள் மாடியைக் காலி செய்துகொண்டு போனவர்கள்கூட அந்தப் பக்கம் வந்தால், "அக்கா, உங்க வீட்டுத் தண்ணி மாதிரி எங்கயும் வர்றதில்ல" என்று வாசலிலேயே நின்று சொல்லிவிட்டுப் போவார்கள். ஆணி அடிக்காதே, வாளியை இழுக்காதே என்று யாரையும் நான் நச்சரித்ததில்லை.

கடைசியாகத் தனியாகக் குடிவந்த தையல்காரிக்கு அந்த மாடி ரொம்பப் பிடித்துப்போனது. தெருவைப் பார்த்த ஜன்னலடியில் கால் மெஷினைப் போட்டுக்கொண்டாள், வெளிச்சத்துக்காக. அதற்கு நேர் கீழேதான் என் வீட்டுக்காரரின் கட்டில். அவருக்கு ஒரு பக்கம் கைகால் விழுந்து வருஷங்களாகிவிட்டன. பேச்சும் குழறிப்போய்விட்டது. அவர் சொல்வது எனக்கு மட்டும்தான் புரியும்.

"சத்தம் தொந்தரவா இருக்கா மாமா?" என்று வந்த புதிதில் அவள் கேட்டாள். அவர் ஏதோ சொன்னார். "நீ நிறுத்தினாத்தான் அவருக்குத் தூக்கம் கலையுதாம்" என்று நான் சொன்னேன். அவர் சிரித்தார். அவருக்குச் சிரிப்பும் ஒரு பக்கம்தான் வரும். அவள் உடனே, "மாமா பாதிதான் சிரிக்கிறாரு, மீதிய அக்காவுக்குன்னு எடுத்து வெச்சிருக்காரு" என்றாள். வாய்த்துடுக்கு. ஆனால் மனசில் கல்மிஷம் கிடையாது.

அப்புறம் அந்த மூச்சுக் காய்ச்சல் வந்தது. ஒலிபெருக்கி கட்டிய வண்டி தெருத்தெருவாகப் போனது. இந்தச் சமயத்தில் யாரும் குடித்தனக்காரரைக் காலி செய்யச் சொல்லக் கூடாது, வீட்டுக்காரரும் குடித்தனக்காரரும் ஒருவருக்கொருவர் ஒத்தாசையாக இருக்க வேண்டும், குடித்தனக்காரரின் உடல்நிலைக்கு வீட்டுக்காரரே பதில் சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போனார்கள். எனக்கு அதில் சங்கடமே இல்லை. ஜனம் துணி தைக்கக் கொடுக்காதபோது அவளிடம் போய் வாடகைப் பேச்சை எடுப்பேனா? நான் வாயே திறக்கவில்லை. பாதி நாள் என் அடுப்பில்தான் அவளுக்கும் சாப்பாடு.

தினமும் காலையில் சுகாதாரக்காரப் பெண் ஒருத்தி வருவாள். சின்ன வயசு. ஒருத்தியே அத்தனை தெருவையும் பார்க்க வேண்டும், வீட்டுக்குள் வரவும் அவளுக்கு அனுமதியில்லை. அதனால் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு அடையாளம் வைத்துக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டில் இருமாமல் பாட்டுப் பாடினால் சரி. எங்கள் வீட்டில் கீழே ஜன்னல் வழியாக இவர் நல்ல கையைத் தூக்கிக் காட்ட வேண்டும், மாடியில் மெஷின் சத்தம் கேட்க வேண்டும். "மெஷின் ஓடுதா, ஆளும் ஓடுது" என்று சிரித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவாள். பாவம், அவளை ஒன்றும் சொல்லாதீர்கள். கெட்டிக்காரத்தனமான ஏற்பாடுதான் அது.

மூலைவீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் என்று தெரிந்ததும் வாசலைத் தகரம் வைத்து அடைத்தார்கள். வீட்டிலிருந்த எல்லோரையும் முகாமுக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். அந்த வீட்டுப் பெரியவர் திரும்பி வரவில்லை. என் வீட்டுக்காரருக்கு வாயில் ஊட்ட வேண்டும், புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். முகாமில் யார் செய்வார்கள்? அவர் தண்ணீர் கேட்டால் யாருக்குப் புரியும்?

இந்த நிலையில்தான் ஒருநாள் தையல்காரி மாடிப்படி அடியில் வந்து நின்றாள். படிக்குக் கீழே கம்பிக் கதவு உண்டு. அதற்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டாள், கிட்டே வரவில்லை.

"அக்கா, உடம்பு அனலாக் கொதிக்குது. அந்தப் பொண்ணு வந்தா சொல்லிடுங்க. மாமாவுக்கு ஒட்டிடப் போகுது."

"சொல்றேன். நீ போய்ப் படு" என்றேன்.

அவள் ஏறிப் போனதும் கம்பிக் கதவைப் பூட்டினேன். அவளை அடைத்து வைப்பதற்காக இல்லை. காய்ச்சல் கீழே இறங்கக் கூடாது என்பதற்காக.

சுகாதாரக்காரப் பெண் வரும் நேரமானதும் படியடியில் நின்று தையல்காரியைக் கூப்பிட்டேன். "எதையும் தைக்க வேணாம்மா. அந்தப் பொண்ணு போற வரைக்கும் சும்மா கொஞ்சம் மிதி. வண்டி வந்தா மாமாவையும் சேர்த்துத் தூக்கிட்டுப் போயிடுவாங்க. ரெண்டு நாள்ல உனக்கே சரியாயிடும்." அப்புறம் மெஷின் ஓடியது. மாமா என்றால் அவளுக்கு அவ்வளவு மரியாதை. மறுநாளும் மிதித்தாள். அதற்கடுத்த நாள் விட்டுவிட்டு ஓடியது. அப்புறம் அவளால் எழுந்திருக்க முடியவில்லை.

அதனால் நான் மேலே போனேன். முகத்தை நன்றாகக் கட்டிக்கொண்டுதான் போனேன். அவள் பாயில் கிடந்தாள். மூச்சு நாலு படி ஏறி ஒரு படி இறங்கியது. நான் முக்காலியை இழுத்துப் போட்டு மெஷினில் உட்கார்ந்தேன். நூலை உருவிவிட்டுத்தான் மிதித்தேன், சிக்கிக்கொள்ளக் கூடாதே.

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். தெருவில் அந்தப் பெண்ணின் குரல் கேட்டது. "மெஷின் ஓடுது, ஆளும் ஓடுது!" கத்தியிருக்கலாம் தையல்காரி. கத்த மூச்சு இல்லையோ, என் மேல் இருந்த மரியாதையோ, தெரியாது. கடைசியில் அவள் சொன்னது இதுதான்:

"துணி வைக்காம ஓட்டாதீங்கக்கா. மெஷின் பல்லு தேஞ்சிடும்."

அவள் சொன்னது நியாயம். பக்கத்தில் கிடந்த ஒரு துண்டுத் துணியை வைத்து ஓட்டினேன். உங்கள் மேசையில் இருக்கிறதே, அதுதான். நூல் இல்லாததால் ஓட்டை மட்டும் வரிசை வரிசையாக விழுந்திருக்கிறது. சல்லடை மாதிரி ஆகிவிட்டது, பாருங்கள். நிறைய நாள் ஓட்டியதாகத் தோன்றும்.

அவளிடம் போன் ஏன் இல்லை என்று கேட்டீர்கள். மாடியில் சார்ஜ் போடும் இடம் கருகிப்போயிருந்தது. எலக்ட்ரீசியன் இந்த நேரத்தில் வரமாட்டேன் என்றுவிட்டான். அவள் போன் எப்போதும் கீழே என்னிடம்தான் சார்ஜில் கிடக்கும். அவளுடைய அண்ணி கூப்பிடுவாள். "தூங்குறாம்மா, எழுந்ததும் பேசச் சொல்றேன்" என்பேன். தூங்கிக்கொண்டுதான் இருந்தாள்.

ஒரே ஒரு தரம் கீழே வந்தாள். எப்படி இறங்கினாளோ. சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தால் கடைசிப் படியில் உட்கார்ந்து கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, திறந்து விடுங்க. நடந்தே போயிடறேன்."

"எங்க போவ இந்த நிலைமையில?"

"மெயின் ரோடு வரைக்கும் போயிட்டா யாராச்சும் தூக்கிட்டுப் போவாங்க. எந்த வீடுன்னு கேட்டா சொல்ல மாட்டேன்க்கா. மாமா மேல சத்தியமா சொல்ல மாட்டேன்."

சொல்லியிருக்க மாட்டாள். அது எனக்கு அப்போதே தெரியும். சாவி இடுப்பில்தான் இருந்தது. இருந்தாலும் தெரு முழுக்க ஜன்னல். எங்கள் வாசலிலிருந்து அவள் தள்ளாடிக்கொண்டு போவதை ஒரு ஆள் பார்த்தால் போதாதா? ஒரு சொம்புத் தண்ணீரைக் கம்பி வழியாகக் கொடுத்து, "குடிச்சிட்டு மேல போ கண்ணு" என்றேன். குடித்தாள். போனாள். படியேற வெகுநேரம் ஆனது. நான் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டேன்.

நான்தான் மிதிக்கிறேன் என்று என் வீட்டுக்காரருக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்கிறீர்கள். இத்தனை வருஷம் அந்தச் சத்தத்துக்கு அடியில் படுத்திருந்தவர். "மிதி வேற மாதிரி இருக்கே" என்றார் முதல் நாளே. காய்ச்சல்காரி அப்படித்தான் மிதிப்பாள் என்றேன். நான் படியேறியதும் மெஷின் ஓடுகிறது, நின்றதும் நான் இறங்கி வருகிறேன். கணக்குப் போடத் தெரியாதவரா? ஒருநாள் மத்தியானம் வாயில் ஊட்டியதைத் துப்பிவிட்டுச் சொன்னார்: "என்னை அனுப்பு. முகாமுக்கு அனுப்பு. அந்தப் பொண்ணைக் காப்பாத்து." நோயாளி ஏதோ சலிப்பில் சொல்வதையெல்லாம் எடுத்துக்கொள்ள முடியுமா?

அடுத்த நாள் சுகாதாரக்காரப் பெண் வந்தபோது அவர் கையைத் தூக்கவில்லை. கத்தினார். நான் மிதிப்பதை விட்டுவிட்டு ஓடி வந்தேன்.

"தாத்தா என்னம்மா சொல்றாரு?" என்று அவள் ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டாள். அவர் சொல்லிக்கொண்டிருந்தது, மேலே ஆள் சாகிறாள், மேலே ஆள் சாகிறாள் என்று.

"டீ கேக்குறாரும்மா."

"மேல மெஷினும் நின்னுடுச்சே."

"அவளும் டீக்குத்தான் நிறுத்தியிருப்பா."

"குடுத்து வெச்சவங்க. எனக்குத்தான் ஒரு வீட்லயும் டீ குடிக்க அனுமதியில்ல" என்று சிரித்துக்கொண்டே போனாள். அவர் அழுதார். அழுகையும் அவருக்கு ஒரு பக்கம்தான் வரும். அன்றே கட்டிலைப் பின்கட்டு அறைக்கு இழுத்துப் போட்டேன். அங்கே ஜன்னல் கிடையாது. காற்று கம்மிதான், ஆனால் அமைதியாக இருக்கும்.

அதற்குப் பிறகு, கீழே கை காட்ட ஆள் இல்லாததால், நான் தையல்காரியின் துப்பட்டாவைத் தலையோடு போர்த்திக்கொண்டு, அவள் தைத்த முகக்கவசத்தையே கட்டிக்கொண்டு மாடி ஜன்னலில் உட்கார்ந்தேன். கீழேயிருந்து பார்த்தால் யாருக்கு யாரைத் தெரியும்? "அக்கா, கீழ அம்மாவும் தாத்தாவும் நல்லா இருக்காங்களா?" என்று அந்தப் பெண் கேட்பாள். தலையாட்டுவேன். குடித்தனக்காரி வீட்டுக்காரிக்குப் பதில் சொல்கிறாள் என்று எனக்கே கொஞ்சம் சிரிப்பு வந்தது.

அப்போது தையல்காரி உயிரோடு இருந்தாளா என்கிறீர்கள். முதலில் இருந்தாள். என் முதுகுக்குப் பின்னால் மூச்சு கேட்டது. பிறகு ஒரு நாள், மிதித்துக்கொண்டே இருந்தபோது, மெஷின் சத்தம் மட்டும்தான் கேட்கிறது என்று தோன்றியது. திரும்பிப் பார்க்கவில்லை. நிறுத்தினால் தெரிந்துவிடும். அதனால் நிறுத்தவில்லை. அந்தப் பெண் அடுத்த தெருவுக்குப் போன பிறகும் வெகுநேரம் மிதித்துக்கொண்டிருந்தேன். மறுநாளும் போனேன். அதற்கு மறுநாளும். போர்வையை இழுத்து மூடிவிட்டேன், ஜன்னலடியில் ஊதுபத்தி வைத்தேன். மத்தியானத்திலும் போய் மிதித்தேன். தெருவில் ஒரு ஈ காக்கா இல்லாத நேரம்தான். பின்கட்டில் இருக்கும் அவர் காதில் விழட்டும், அவள் நன்றாக இருக்கிறாள் என்று நினைத்துக்கொள்ளட்டும் என்றுதான். அவர் அதைக் கேட்கக் கேட்க ஊளையிடுவார். நான் இன்னும் வேகமாக மிதிப்பேன்.

மன்னியுங்கள், மேசை ஆடுகிறதா? என் கால்தான். காலையில் இந்த நேரத்துக்கு அது தானாக ஆட ஆரம்பித்துவிடும். பூட்டிய அறையில் என்னோடு இருக்கும் பெண்கள், "அம்மா, காலை நிறுத்துங்க, தூங்க முடியல" என்கிறார்கள். நான் ஆட்டவில்லை என்றால் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

காய்ச்சல் அடங்கித் தெருத்தடையை எடுத்த அன்று சுகாதாரக்காரப் பெண் கையில் ஒரு துணிப்பொட்டலத்தோடு வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டாள். "இத்தனை நாள் சத்தத்த மட்டும்தான் கேட்டேன், இன்னைக்கு அக்காவ நேர்ல பார்த்து ஒரு சட்டை தைக்கக் குடுக்கணும்" என்றாள். நான் படியடியில்தான் நின்றிருந்தேன். தடுக்கவில்லை. சாவியை நானே எடுத்துக் கொடுத்தேன், இதையும் குறித்துக்கொள்ளுங்கள். அவள் மேலே போய் ஒரு சத்தமும் போடவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம். பொட்டலம் மட்டும் ஒவ்வொரு படியாக உருண்டு கீழே வந்தது.

நீங்கள் கேட்ட இன்னொரு கேள்வி பாக்கி இருக்கிறது. நோய்க்கு அவ்வளவு பயந்தவள், காய்ச்சல்காரி அறைக்குத் தினமும் போய்வந்து அதே கையால் புருஷனுக்கு ஊட்டினாயே என்றீர்கள். சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டுதான் ஊட்டினேன். அவருக்கு ஒரு தும்மல்கூட வரவில்லையே.

அவள் செத்தது என்னால்தான். கதவைத் திறந்திருந்தால் பிழைத்திருப்பாள். நான் அதை மறுக்கவே இல்லை, கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் எதற்காக என்பதையும் நீங்கள் எழுத வேண்டும். நேற்று என் வீட்டுக்காரரைப் பார்க்க என்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனீர்களே, உங்கள் ஆட்களும் பார்த்தார்கள். நான் கட்டில் பக்கத்தில் போய் அவர் கையைத் தொட்டதும், இத்தனை வருஷம் தானாகப் புரண்டு படுக்க முடியாத மனுஷர், நல்ல கையால் கம்பியைப் பிடித்து இழுத்து, முழு உடம்பையும் சுவர்ப் பக்கமாகத் திருப்பிக்கொண்டார். நர்ஸே வாயைப் பிளந்தாள். எவ்வளவு முன்னேற்றம் பார்த்தீர்களா? அவரைத் தேற்றிக் கொண்டுவந்தது நான்தான். அதையும் ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள்.